எலும்பு கடிக்கும் காட்சி

அவர் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். தண்ணீரைக்கூட. தண்ணீருக்கு என்ன அண்ணாச்சி வாசம் இருக்கப்போகிறது என்று ஒருநாள் கேட்டேன். வாசம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். தச்சநல்லூரில் என் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. இவர் தலை தெரிந்ததுமே டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைத் தனியாக எடுத்து வெந்நீர் விட்டுக் கழுவ ஆரம்பித்துவிடுவார். அது போதாது. அந்தக் கிளாஸை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். டீ ஊற்றிய பிறகு மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். டீக்கடைக்காரர் இதையெல்லாம் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

டீயைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்வார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அசையாமல் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்ப்பார். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் அல்லவா, தன்னையே சோதனை போட்டுக்கொள்கிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மோப்பம். நேரில் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். பயம் அப்படி. விடியற்காலையில் ஆடு அறுக்கும் கொட்டகைக்குப் போய் நின்றுவிடுவார். ஈரலைக் கீறிப் பார்த்து, நுரையீரலை அமுக்கிப் பார்த்து, மனசுக்கு ஒப்பினால்தான் தொடையில் ஊதா முத்திரை விழும். ஒப்பவில்லை என்றால் பினாயிலை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது, கவர் நீட்டினாலும் நடக்காது. புரோட்டாக் கடைகளில் சால்னாச் சட்டிக்குள் கரண்டியை விட்டு அடிமட்டத்திலிருந்து துழாவி எடுத்து, அதில் வந்த துண்டை வெளிச்சத்தில் வைத்து, இது எந்த ஆடு என்று கேட்பார். கடைக்காரன் ஆட்டின் பெயரையா சொல்ல முடியும்.

இவ்வளவு கறியோடு புழங்குகிறவர் கறி தின்று ஒருவரும் பார்த்ததில்லை. எங்கள் வீடு சைவப் பிள்ளைமார் வீடு. வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட உள்ளே வராது. அந்த உரிமையில் நீங்களும் சைவமா என்று கேட்டேன்.

"சைவம்லாம் இல்லவே" என்றார். "சந்தேகம்."

நான் அப்போது வீடியோ லைப்ரரி வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேபிள் டிவி வந்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு முந்தைய காலம். டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். ஒருநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் உள்ளே வந்தார். அடுக்கில் இருந்த கேசட்டுகளைக் கொஞ்ச நேரம் சோதனை போட்டார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"பேய்ப்படத்துல, மனுசனை மனுசன் திங்குத படம் இருக்காவே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் துபாயிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கி எனக்கு இங்கிலீஷ் கேசட் தருவது வழக்கம். அதில் இந்த மாதிரிச் சமாச்சாரமும் உண்டு. காட்டுக்குள் வழி தவறிப்போன வெள்ளைக்காரர்களைக் காட்டாட்கள் பிடித்துத் தின்கிற படம் ஒன்று. ஒதுக்குப்புறமான வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் குடும்பமே சேர்ந்து சமைத்துவிடுகிற படம் ஒன்று. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருக்கிறவர்களைக் கடிக்கிற படங்கள் நாலைந்து. கல்லூரிப் பையன்கள்தான் ஒளித்துக்கொண்டு வாங்கிப்போவார்கள். தலை நரைக்கத் தொடங்கிய ஒரு சர்க்கார் ஆசாமி கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

கேசட் கடைக்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்ப ஓடவிட்டால் நாடா அந்த இடத்தில் தேய்ந்துபோகும். அங்கே படத்தில் வெள்ளைக் கோடு விழும், மழை பெய்யும். திரும்பி வந்த கேசட்டை ஓட்டிப் பார்த்தால், வாங்கிப்போனவர் எந்த இடத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துவிடும். ஊரில் மதிப்பாக நடமாடிய ஒரு தலைமையாசிரியர் எடுத்துப்போன பக்திப் படத்தில் எந்த நடனம் தேய்ந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

மோப்பம் அண்ணாச்சி திருப்பிக் கொடுத்த கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். கொலை நடக்கிற இடத்தில் ஒரு கீறல் இல்லை. துரத்துகிற இடம் சுத்தமாக இருந்தது. துணி குறைவாக வருகிற இடம்கூட அப்படியே இருந்தது. உட்கார்ந்து தின்கிற இடத்தில் மட்டும் அடைமழை. அதிலும் ஒருவன் முன்கை எலும்பை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கிற இடத்தில் முகமே தெரியாத அளவுக்குக் கோடு. அடுத்த கேசட்டிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படி.

டீக்கடைக்காரரிடம் பட்டும் படாமலும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தன் பங்குக்கு ஒரு கூடை கொட்டினார். ஆற்றங்கரை மயானத்தில் பொழுது சாயும் நேரத்தில் இவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். பிணம் எரிக்கிறவர்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எந்த எலும்பு சீக்கிரம் வேகும், எது கடைசிவரை வேகாமல் கிடக்கும் என்று விசாரிக்கிறாராம். இந்த மயானம் என்றில்லை, எல்லா மயானத்திலுமாம். பிறகு டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ஆட்டுக்கறி ருசிக்காதவனுக்கு வேறு என்ன கறி ருசிக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார்.

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்குத் தூக்கம் போனது நிஜம். ஒருநாள் நான் கேசட்டை எடுத்துக் கொடுக்கும்போது அவர் என் முன்கையையே பார்த்தார். "நல்ல நீளக் கைவே ஒமக்கு" என்றார். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன், அந்த வெயிலில். போலீசில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என்னவென்று சொல்வது? கேசட் தேய்கிறது என்றா?

இப்படி இருக்கும்போது அவர் வீட்டு டெக் கெட்டுப்போனது. என் கடையின் பின்கட்டில் ஒரு டிவியும் டெக்கும் இருந்தன. அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தெருக்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். படம் ஓடியது. ஓட ஓட எனக்குப் பயம் போய் ஆச்சரியம் வந்தது. அவர் பேய்ப்படம் பார்க்கவில்லை. ஓட்டலில் சோதனை போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

தின்கிறவன் கை கழுவவில்லை என்பது அவருக்கு முதல் குறை. வெட்டின கத்தியாலேயே கூறு போடுகிறான் என்பது அடுத்தது. தின்றவன் அடுத்த காட்சியில் ஓடுகிறான், மரம் ஏறுகிறான். அதெப்படி முடியும், பச்சை ஈரலைத் தின்றவன் அந்நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.

"ஆட்டுக்குன்னா நான் ஈரலைக் கீறிப் பாக்கேன்" என்றார். "இவன் தின்ன ஆளுக்கு எவன்வே முத்திரை குத்துனான்?"

பிறகு படத்தை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டுக்கு வருகிற சீக்கில் பாதி நம்மை அண்டாது. மனுசனுக்கு வருகிற சீக்கு எல்லாம் மனுசனை அண்டும். காமாலை, காசம் எல்லாம் இருக்கிறது. பாதி வெந்த மாமிசத்தில் எதுவும் சாகாது. அதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு என்றார். இங்கிலாந்தில் மாடுகளுக்குப் பைத்தியம் பிடித்த செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம் அது. மாட்டெலும்பை அரைத்து மாட்டுக்கே தீனியாகப் போட்டதில் வந்த வினை. அதே மாதிரி நியூகினி தீவில் மனுசருக்கே வந்திருக்கிறது. அங்கே ஒரு கூட்டத்தார் செத்துப்போன சொந்தக்காரர்களைத் தின்பார்களாம். பெண்களும் பிள்ளைகளும் மூளையைத் தின்பார்களாம். முதலில் கை நடுங்கும். பிறகு நிற்க முடியாது. சம்பந்தமில்லாமல் சிரிப்பு வரும். பிறகு சாவுதான். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. உடனே வராது, பத்து வருஷம், இருபது வருஷம் உள்ளே படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வரும்.

எதற்காகத் தின்றார்கள் என்று கேட்டேன். பாசத்தால் என்றார். செத்தவரைப் புழு தின்னக் கூடாது, நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று.

"படத்துல பகையில திங்கான். அங்கன பாசத்துல தின்னுருக்கான். சீக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

காட்டாள் படத்தை அவர் மதிக்கவில்லை. படம் எடுத்தவன் தன் ஊரில் எவனும் அப்படிச் செய்ய மாட்டான் என்று காட்டுவதற்காக எங்கேயோ இருக்கிற காட்டாள் தலையில் பழியைப் போடுகிறான் என்றார். வீட்டுக்குள்ளேயே மேசை போட்டு, தட்டு வைத்து, குடும்பமாக உட்கார்ந்து தின்கிற படத்தைப் பார்த்துத்தான் அவருக்கு வேர்த்தது. இதுதான் நிஜம், இது வீட்டுக்குள்தான் நடக்கும் என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியார் வேஷத்தில் வந்து பிள்ளைக்கறி கேட்ட சாமியைத்தானே உங்கள் வீட்டில் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் பிள்ளை உயிரோடு ஓடி வந்துவிட்டானே, சாமி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்றேன்.

"அதாம்வே சங்கதி" என்றார். "கேட்டாரு. ஆனா திங்கலை."

பிறகு படத்தை மறுபடி ஓடவிட்டு, எலும்பு கடிக்கிற இடம் வந்ததும் நிறுத்தினார். திரையில் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் ஒரு வாயும் ஒரு எலும்பும் நடுங்கிக்கொண்டு நின்றன.

"இவன் என்னத்தைவே கடிக்கான்?"

எலும்பு என்றேன்.

"படத்துல எலும்பு. நடிச்சவனும் வீட்டுக்குப் போயி பொண்டாட்டி பிள்ளைகளோட சாப்பிடுதவன்தான? நெச எலும்பைக் கடிச்சிருக்க மாட்டாம்லா. கடிச்சா உடையுது, வாயில பிசுபிசுன்னு ஒட்டுது. பாத்தா எலும்பாத்தான் தெரியுது. அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இத்தனை கேசட்டையும் அவர் தேய்த்தது இதற்காகத்தான். எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அன்றுதான் சொன்னார்.

அவருக்குச் சொந்த ஊர் மணிமுத்தாறு கால்வாய் ஓரத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மாடசாமி கோயில். கோயில் திருவிழாவான கொடை நடக்கும்போது சாமி வந்து ஆடுகிறவர் ராத்திரியில் தனியாக மயானத்துக்குப் போவார். வேட்டைக்குப் போவது என்பார்கள். ஒருவரும் பின்னால் போகக் கூடாது. எரிந்த சிதையிலிருந்து ஒரு எலும்பை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வருவார். ஊரே காலில் விழும். அவருடைய அப்பாதான் சாமியாடி. அப்பா எலும்போடு வரும்போது, இவர் என் ஐயா என்று சின்ன வயதில் அவருக்கு நெஞ்சு விம்முமாம். ஒரு கொடையில் அப்பா அதிலிருந்து ஒரு துண்டைக் கடித்து அவர் வாயில் வைத்திருக்கிறார். அவரும் மென்று விழுங்கியிருக்கிறார்.

அவர் வாலிபனான பிறகு அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் சிந்தும். பிறகு கால். பிறகு படுக்கை. ஒரு டாக்டர் சாராயம் என்றார். இன்னொரு டாக்டர் நரம்பு என்றார்.

டாக்டர்கள் சொன்னதை நம்பலாமே என்றேன்.

"எலும்பு சங்கதியை நான் அவங்கட்ட சொல்லலைவே. எப்படிச் சொல்லுவேன்?"

கை நடுங்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்பா கையால் அவர் ஒன்றும் வாங்கிச் சாப்பிடவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர். வேலை கிடைத்ததும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டார். அவர் ஏன் கையை நீட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமாகத் தினமும் நடுக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

அப்பா செத்த பிறகு வேட்டைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. போன கொடையில் அவருடைய தம்பிக்குச் சாமி வந்துவிட்டது. வருகிற வைகாசிக் கொடைக்குத் தம்பி வேட்டைக்குப் போகப்போகிறான். ஊரில் ஒரு கிழவர் காசத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். அந்தச் சிதையாகத்தான் இருக்கும். போகாதே என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தாராம். திங்கிறது சாமி, எனக்கு என்ன வரும் என்றானாம். ஊர் நடுவில் வைத்துத் தடுத்தால் சாமிக் குத்தம். சாமியாடும் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். தம்பி ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டான். அதனால் வேறு வழி தேடியிருக்கிறார். எலும்பு மாதிரி ஒன்றைச் செய்து, முன்கூட்டியே சிதையில் செருகி வைத்துவிட வேண்டும். தம்பிக்கே தெரியக் கூடாது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. முழுக்கைச் சட்டைக்குள் வெந்து செத்தவன் நான் அல்லவா.

அந்த எரிச்சலோடேயே வேலையில் இறங்கினேன். என்னென்னவோ பார்த்துவிட்டுக் கடைசியில் மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில், வந்து நின்றோம். நீளமாக இருக்கும், வெள்ளையாக இருக்கும், கடித்தால் நார் பிரியும். நல்ல கிழங்காக வாங்கி வந்தார். பச்சைக் கிழங்கில் விஷம் உண்டு என்று தோலைச் சீவி, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தார். என் முன்கையைத்தான் அளவுக்கு வைத்துக்கொண்டார். டிவியில் அந்தக் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் கணு உருண்டையாக வரும்படி கத்தியால் செதுக்கினேன். காப்பி டிக்காஷனும் மஞ்சளும் பூசினோம். பின்கட்டில் தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தி அந்த நெருப்பில் வாட்டினோம். முதலில் செய்தது சரியாக வரவில்லை. அடுத்தது வந்தது பாருங்கள், எனக்கே அதைத் தொடக் கூசியது. படக்காரன் கெட்டான் என்று நினைத்தேன்.

சரியாக வராததை உடைத்து ஆளுக்குக் கொஞ்சம் தின்று பார்த்தோம். அவர் வழக்கம்போல முகர்ந்தார். கடித்தார். இரண்டு மெல்லு மென்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷமா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லை, வேகவில்லை என்றார். எனக்கு நன்றாக வெந்துதான் இருந்தது. ஏன் பொய் சொல்கிறார் என்று யோசித்தேன். அவர் கைகளை நீட்டி விரித்துப் பார்த்துவிட்டு, செதுக்கிய கிழங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொடைக்கு முந்தின நாள் அந்தக் கிழவர் செத்துப்போனார். கொடையன்று பொழுது சாய்வதற்குள் இவர் ஊருக்குப் போய், கிழங்கைச் சாப்பாட்டுக் கேரியரில் வைத்து மயானத்துக்குக் கொண்டுபோய் சிதைச் சாம்பலில் செருகிவிட்டார். மறுநாள் காலையில் நான் முதல் பஸ்ஸைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. கோயில் வேப்பமரத்தடியில் தம்பி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் மஞ்சணைப் பூச்சு காய்ந்து கிடந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தலைமாட்டில் அண்ணாச்சி டெட்டால் பாட்டிலும் சோப்பு டப்பாவுமாக உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தம்பி வாயில் எதையோ கவ்விக்கொண்டுதான் வந்தானாம். கூட்டத்தில் இவரால் கிட்டே போக முடியவில்லையாம். எது என்று தெரியவில்லை.

தம்பி கண் விழித்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஒரு ஊசி போட்டுக்கொள் என்று ஆரம்பித்தார். தம்பி முறைத்தார். இவர் விடவில்லை. கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். சாமியாடின உடம்பைப் பிடித்து இழுக்கிறானே என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி எழுந்து அவரைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் தள்ளி நின்று பார்த்தேன். தம்பி ஏதோ சொன்னார். அண்ணாச்சி அப்படியே படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி மடியிலிருந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்தார்.

இருவரும் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். சேரன்மகாதேவி தாண்டியதும்தான் பேசினார்.

"அங்கன ரெண்டு கெடந்துச்சாம்வே."

எது ரெண்டு என்று கேட்டேன். மயானம் காக்கிறவர் எப்போதும் ஒரு மரச்சீனிக் கிழங்கைச் சுட்டுச் சாம்பலுக்குள் வைத்துவிடுவாராம். அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான், அதற்கு முந்தியும் அப்படித்தான். சாமியாடுகிறவருக்கும் காவல்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். வெளியே சொல்வதில்லை என்று சத்தியம். ஊசி, ஆஸ்பத்திரி என்று இவர் படுத்தின பாட்டில் தம்பி சத்தியத்தை மீறிச் சொல்லிவிட்டார்.

"ஊருப்பட்ட மயானத்துல போயி விசாரிச்சேன். எங்க ஊர்ல மட்டும் கேக்கலை" என்றார்.

அப்படியானால் நாம் வைத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது அச்சு அசலு மனுச எலும்பு மாதிரி இருந்துச்சாம். தொடவே பயந்துட்டானாம். சாமியே மலையேறிரும் போல ஆயிட்டாம்வே அவனுக்கு. மத்த கிழங்கைக் கவ்விக்கிட்டு ஓடியாந்துருக்கான்."

அவர் கைத்துண்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கிழங்குத் துண்டு ஒன்று இருந்தது. கரிந்து, ஒரு பக்கம் பல் பட்டு, நடு நரம்பு துருத்திக்கொண்டு. கணு இல்லை, செதுக்கல் இல்லை. நாங்கள் செய்தது அல்ல. அவர் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். சோதனை போடுகிறபோது அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அன்று மூடியிருந்தார்.

"எங்கய்யா வாயில வச்சதும் இதே மணந்தான். அன்னைக்கு ஒம்ம பின்கட்டுலயே நாக்குக்குத் தெரிஞ்சுட்டு. நாந்தான் நம்பலை." துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "கெடையில கிடக்கும்போது எங்கய்யா ஒரு உருண்டைச் சோத்தை நடுங்க நடுங்க நீட்டுனாவ. தின்னுலே, ஒரு வாயின்னாவ. கையைத் தட்டிவிட்டேன்வே."

பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதார். முதுகில் கை வைத்தேன். மனசு பிசைந்தது. ஆனால் அதே மனசின் ஒரு மூலையில், அவருக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இழுக்கிற அண்ணனை அடக்குவதற்காகத் தம்பி கட்டின கதையாகவும் இருக்கலாம் அல்லவா? எந்த வீட்டு அடுக்களையில் இல்லை ஒரு துண்டுக் கிழங்கு? நாங்கள் வைத்த கிழங்கைப் பற்றித் தம்பிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டேன், அதற்கும் பதில் வந்தது. அவரே சாம்பலைக் கிளறியிருப்பார். கிளறினவர் கையில் வேறு எது அகப்பட்டதோ. கிழங்குதான் என்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய அப்பாவுக்குக் கை நடுங்கினது எதனால்? ஒன்றையும் நான் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் துண்டை இரண்டாகப் பிய்த்தார். ஒன்றைத் தன் வாயில் போட்டு மெதுவாக மென்றார். இன்னொன்றை என் கையில் வைத்தார்.

"வெறுங் கிழங்குதாம்வே. தின்னும்."

நான் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனேன். புகை வாசம் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புகைக்கு அடியில் வேறு ஏதாவது வாசம் இருக்கிறதா என்று மேலப்பாளையம் வருகிறவரை நான் முகர்ந்துகொண்டே இருந்தேன்.